குளிர்காய்ச்சலும் சுண்டெலிப் புரதமும்

வன்னி நிலத்திலே பிறந்து வளர்ந்து ஐம்பது வயதைக் கடந்தவர் எவருக்கும் குளிர்காய்ச்சல் இன்னதென்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. முதலிற் கொட்டாவி வரும், நகக்கண்கள் வெளுக்கும், முதுகின் வழியே ஒரு குளிர் ஊர்ந்து இறங்கும். பின்னர் பற்கள் கிட்டி அடிக்கும்; கட்டிலே ஆடும். வீட்டிலுள்ள போர்வை, சேலை, சாக்கு அனைத்தையும் மேலே குவித்தாலும் அந்த நடுக்கம் அடங்காது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் உலுக்கி ஓய்ந்தபின் உடல் அனலாய்க் கொதிக்கும். அதன்பின் வியர்வை பெருகும். நோயாளி துவண்டு உறங்கிப்போவார். மறுநாள் எழுந்து வயலுக்கும் போவார். அதற்கடுத்த நாள், ஏறக்குறைய அதே நேரத்தில், நடுக்கம் மீண்டும் வாசற்படி ஏறி வரும்.

நுளம்பு கடிக்கிறது, கிருமி குருதியிற் கலக்கிறது, காய்ச்சல் வருகிறது என்று ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் சொல்லிவிடுவான். பாடநூலும் அவ்வளவோடு நின்றுவிடும். ஆனால் உடலைப் பிடித்து உலுக்குவது யார்? கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமியா? இக்கேள்வியை நம் முன்னோர் வேறு விதமாகக் கேட்டு, வேறு விதமாக விடையும் கண்டனர். விஞ்ஞானம் கண்ட விடை எளிதில் நம்பத் தக்கதன்று. உலுக்குவது கிருமியன்று, நம்முடைய குருதியே சுரக்கும் ஒரு புரதம். அந்த விடையை நிறுவிய ஆராய்ச்சியில் இலங்கையருக்கும் பங்கு உண்டு. அதற்கு முன்னர் வழிகாட்டியாக நின்றது ஒரு சுண்டெலி.

என்னிடம் விஞ்ஞானம் கற்ற ஒரு மாணவி இப்போது ஓர் ஆய்வுகூடத்திற் பணிபுரிகிறாள். சுண்டெலியின் கலங்களை வளர்த்து, சுண்டெலிப் புரதம் ஒன்றை அவற்றின்மீது இட்டு, அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பது அவள் தொழில். “சேர், ஊரிலே இதைச் சொன்னால், எலிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள்” என்று சென்ற ஆண்டு என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். கேட்பவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆயினும், உலகில் எந்த ஊரார் இக்கேள்வியைக் கேட்டாலும் வன்னியார் கேட்கலாகாது என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது.

அடங்காப்பற்று என்று பெயர் பெற்ற இந்நிலத்தைப் படைகள் மட்டும் வெறுமையாக்கவில்லை. ஊர்தோறும் குளம், பல குளங்கள் உடைந்து காடு மூடிக் கிடந்தன. மாரி மழை ஓய்ந்ததும் கனகராயன் ஆறும் பாலியாறும் ஓட்டம் குன்றி, மணலிடையே குட்டை குட்டையாகத் தேங்கும். வெயில் படும் அந்தத் தெளிந்த நீரிலேதான் அனோபிலிஸ் குலிசிபேசீஸ் என்னும் நுளம்பு முட்டையிட விரும்பும். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய தலைமை நுளம்பு அதுவே. ஆங்கிலேய அதிகாரியான ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய தமது கையேட்டை வெளியிட்ட காலத்தில், இப்பரந்த நிலத்தில் மக்கள் மிகச் சிலரே வாழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் எழுந்தது. பின்னர் குடியேற்றங்கள் வந்தன. வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்பன திருத்தப்பட்டன. நீர் வந்தது, நெல் வந்தது, காய்ச்சலும் உடன்வந்தது. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ‘வன்னிக்கு மாற்றம்’ என்ற சொல்லைக் கேட்டால் முகம் கறுத்ததற்குக் காட்டைவிடக் காய்ச்சலே பெருங்காரணம் என்று என் தந்தையார் சொல்வதுண்டு.

இதில் கருதத்தக்க ஒரு விந்தை இருக்கிறது. 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையை மலேரியா வாரிக்கொண்டு போனபோது 80,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பேரழிவு மிகக் கொடுமையாக நிகழ்ந்தது காய்ச்சலுக்குப் பேர்போன வறண்ட நிலத்திலன்று. கேகாலை, குருநாகல் போன்ற தென்மேற்குப் பகுதிகளிலே. அங்குள்ளோர் நோயை அதிகம் அறியாதவர்கள். வறண்ட நிலத்தார் பிள்ளைப் பருவந்தொட்டு அதனோடு போராடி, மண்ணீரல் வீங்கி, உடல் மெலிந்து, ஆனாலும் ஒருவகை நிர்ப்பீடனத்தைப் பெற்றிருந்தனர். கிருமி ஒன்றே, மனிதரும் ஓரினமே, விளைவு மட்டும் வேறு. அப்படியாயின் வேற்றுமை குருதிக்குள்ளே இருந்திருக்க வேண்டுமன்றோ?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.ரி. வந்தது. வீட்டுச் சுவரெல்லாம் அது விசிறப்பட்டது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் தொகை வெறும் 17. வெற்றி கிட்டிவிட்டதென்று காவல் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் மீண்டும் பாய்ந்தது. 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களுள் நானும் ஒருவன்; அப்போது எனக்குப் பத்து வயது. குளோரோகுயின் குளிசையின் கசப்பை இன்றும் நா மறக்கவில்லை. அந்த நடுக்கத்தின்போது நான் உணர்ந்தது நோவன்று, அச்சமன்று. என் உடம்பு என்னுடையதில்லை என்ற உணர்வு. வேறு யாரோ அதை எடுத்து ஆட்டுகிறார்கள் என்று தோன்றியது. பேயாட்டம் என்று பழைய தலைமுறையினர் எண்ணியது வியப்பன்று.

இனி அந்த ‘வேறு யாரோ’ யார் என்பதைப் பார்ப்போம்.

இத்தாலிய அறிஞர் கமிலோ கொல்கி 1880களிலேயே ஒன்றைக் கண்டார். மலேரியா ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் இருந்து வளர்ந்து பெருகி, குறித்த காலத்தில் அதை வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. வெடிக்கும் நேரமும் நடுக்கம் தொடங்கும் நேரமும் பொருந்துகின்றன. வைவாக்ஸ் என்னும் இனத்துக்கு இந்தச் சுற்று 48 மணி நேரம். ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வருவதன் கணக்கு இதுவே. ஆகவே வெடிக்கும்போது ஏதோ ஒரு நஞ்சு குருதியிற் கொட்டுகிறது என்று அக்காலத்தார் முடிவு செய்தனர். அந்நஞ்சைத் தேடிப் பலர் முயன்றனர். நூறாண்டு கழிந்தும் காய்ச்சலை முழுதும் விளக்கக்கூடிய நஞ்சு கைப்படவில்லை. வாசலில் நின்ற கள்வனை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தனர்; வீட்டுக்குள்ளே ஒருவன் இருக்கக்கூடும் என்று எவரும் எண்ணவில்லை.

வீட்டுக்குள் இருந்தவன் வேறொரு வழக்கிற் பிடிபட்டான். நியூயோர்க்கில் லொயிட் ஓல்ட் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தனர். காசநோய்த் தடுப்புக்குப் பயன்படும் பி.சி.ஜி. கிருமியைச் சுண்டெலிக்கு ஏற்றி, பின்னர் பற்றீரியாக்களின் புறச்சுவரிலுள்ள அகநச்சை ஊட்டி, அதன் குருதி நீர்ப்பாயத்தை எடுத்தனர். அந்நீர்ப்பாயத்தைக் கட்டியுள்ள வேறு சுண்டெலிக்குச் செலுத்தியபோது கட்டி கருகி அழிந்தது. 1975இல் அச்செய்தியை வெளியிட்டு, அதிலுள்ள பொருளுக்குக் ‘கட்டியழிப்புக் காரணி’ என்று பெயரிட்டனர். ஆங்கில முதலெழுத்துக்களால் ரி.என்.எவ். என்று இன்று எவரும் சொல்வது இதனையே. உடலுக்குள் அந்நியர் புகுந்ததை உணர்ந்ததும் பெருந்தின்கலங்கள் என்னும் காவற்கலங்கள் இதனைச் சுரக்கின்றன. இவ்வாறு ஒரு கலம் மற்றொரு கலத்துக்கு விடுக்கும் தூதுப் புரதங்களைப் பொதுவாகச் சைற்றோகைன்கள் என்பர். தூது என்ற சொல்லை நம் இலக்கியம் பயின்றவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கிளியும் அன்னமும் நெஞ்சும் போன வழியிலே ஒரு புரதமும் போகிறது என்று கொள்க.

அவுஸ்திரேலியரான இயன் கிளார்க் என்பவர் அங்கிருந்து துணிந்து ஓரடி எடுத்து வைத்தார். மலேரியா நோயாளி படும் பாட்டுக்குக் காரணம் ஒட்டுண்ணியின் நஞ்சன்று, அதனைக் கண்டு வெகுண்ட நம் காவற்கலங்கள் அளவிறந்து சுரக்கும் இத்தகைய தூதுப்பொருள்களே என்று 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அவர் எழுதினார். கருத்து அழகியது. அழகு போதுமா? சோதிக்க வேண்டும். சோதிக்கத் தூய ரி.என்.எவ். வேண்டும். சுண்டெலியின் நீர்ப்பாயத்திலோ ஆயிரம் பொருள்கள் கலந்திருக்கின்றன. எது எதைச் செய்தது என்று யார் சொல்ல வல்லார்?

இந்த இடத்திலேதான் மீள்சேர்க்கைப் புரதம் என்னும் புதுமை கைகொடுத்தது. 1973இல் கோயன், போயர் என்னும் அமெரிக்கர் இருவர் ஒருயிரின் பரம்பரையலகை வெட்டி இன்னோருயிரில் ஒட்டும் முறையைக் காட்டினர். 1982இல் அம்முறையால் பற்றீரியாவுக்குள் செய்யப்பட்ட மனித இன்சுலின் நீரிழிவுக்காரர்க்கு மருந்தாயிற்று. 1984, 1985ஆம் ஆண்டுகளில் மனிதனுடைய ரி.என்.எவ். பரம்பரையலகும் சுண்டெலியுடையதும் பிரித்தெடுக்கப்பட்டன. அதன்பின், சுண்டெலியைக் கொல்லாமலே சுண்டெலிப் புரதம் கிடைத்தது.

செய்முறையை ஓரளவு விரித்துச் சொல்கிறேன். மாணவர் அறிய வேண்டியது. சுண்டெலியின் அப்பரம்பரையலகை ஒரு சிறு வளையமான டி.என்.ஏ.யிற் பொருத்தி, நம் குடலில் வாழும் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவுக்குள் புகுத்துகிறார்கள். அப்பற்றீரியாவை ஊட்ட நீரில் வளர்த்தால் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை அது இரண்டாகும். தக்க தருணத்தில் ஒரு தூண்டுபொருளைச் சேர்த்ததும், அது தன் வேலையை விட்டுச் சுண்டெலியின் வேலையைச் செய்யத் தொடங்கும். தான் ஒருபோதும் காணாத பிராணியின் புரதத்தை எழுத்துப் பிசகாமல் கோத்துக் குவிக்கும். 156 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி நின்றாற்றான் தொழில் புரியும். பின்னர் பற்றீரியாவை உடைத்து, வடித்து, பல நிரல்களினூடே ஓடவிட்டு, வேண்டிய புரதத்தை மட்டும் பிரித்து, உறையவைத்து உலர்த்தி, சிறு குப்பியில் அடைக்கிறார்கள்.

அக்குப்பியை நோக்குவோர் முதலில் வெறுங்குப்பி என்றே எண்ணுவர். உள்ளே இருப்பது 10 மைக்கிரோகிராமாக இருக்கலாம். ஒரு நெல்மணி ஏறத்தாழ 20 மில்லிகிராம் நிறை என்று கொண்டால், அந்நெல்லை இரண்டாயிரம் கூறாக்கி ஒரு கூறு. அதுவும் ஒரே நாளிற் செலவாவதில்லை. ஒரு மில்லிலீற்றர் நீர்மத்துக்கு ஒரு நனோகிராமிலும் குறைந்த அளவே கலங்களை ஆட்டிவைக்கப் போதும். கரைத்த புரதம் குப்பியின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு காணாமற்போகும் என்பதால், காவலுக்கு வேறொரு புரதத்தையும் கூடச் சேர்ப்பார்கள். பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலோ 80 பாகையிலோ அதைக் காக்க வேண்டும். ஒருமுறை உருகினால் மீண்டும் மீண்டும் உறையவைக்கக் கூடாது. மின்சாரம் நின்றுபோகும் ஊர்களில் ஆராய்ச்சி எவ்வளவு கடினம் என்பதை இந்த ஒரு விதியே காட்டும்.

புரதம் தூயதா, உயிர்ப்புள்ளதா என்பதை எவ்வாறு அறிவது? தராசு இங்கே உதவாது. எல்-929 என்னும் சுண்டெலிக் கலவரிசை ஒன்று உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படுகிறது. தற்காப்புப் புரதங்களை உண்டாக்க முடியாதபடி அக்கலங்களை ஒரு மருந்தால் முடக்கி, ரி.என்.எவ்.வைப் படிப்படியாக ஐதாக்கி இடுவார்கள். எந்தச் செறிவில் பாதிக் கலங்கள் மடிகின்றனவோ அதுவே அப்புரதத்தின் வலிமைக்கு அளவுகோல்.

இன்னொரு பொறி இருக்கிறது. அதிலே அகப்பட்டு மோசம்போன ஆராய்ச்சிகள் பல. புரதத்தைச் செய்தது பற்றீரியா. பற்றீரியாவின் சுவரில் இருப்பது அகநச்சு. அந்த அகநச்சில் ஓர் எள்ளளவு குப்பியில் எஞ்சினாலும், பெருந்தின்கலம் அதைக் கண்டு தானாகவே ரி.என்.எவ். சுரக்கும். ஆய்வாளரோ தாம் இட்ட புரதத்தின் விளைவென்று எண்ணி மகிழ்ந்திருப்பார். எனவேதான் நல்ல குப்பி ஒவ்வொன்றிலும் அகநச்சின் உச்ச அளவு குறிக்கப்படுகிறது. அந்த அளவைக் காண நெடுங்காலம் பயன்பட்டது குதிரைலாட நண்டின் நீலக் குருதி. அகநச்சின் சாயல் பட்டாலே அது கட்டிபடும். பற்றீரியா, சுண்டெலி, நண்டு என்று ஒரு துளிக்குள் எத்தனை உயிர்கள் சாட்சி சொல்கின்றன பாருங்கள்!

மனிதனை ஆராய மனிதப் புரதம் இருக்க, சுண்டெலிப் புரதம் எதற்கு என்பார்க்கு ஒன்று சொல்ல வேண்டும். தூதுப் புரதம் சாவி போன்றது. கலத்தின் மேலுள்ள வாங்கி பூட்டுப் போன்றது. மனிதனின் ரி.என்.எவ். சுண்டெலியின் இருவகை வாங்கிகளுள் ஒன்றைத் திறக்கும், மற்றதைத் திறக்காது. இன்டபெரோன் காமா என்னும் வேறொரு சைற்றோகைனோ, மனிதனுடையது சுண்டெலிக்குச் சற்றும் ஆகாது. ஆதலின் சுண்டெலியின் கலத்திடம் கேள்வி கேட்பவர் சுண்டெலியின் மொழியிலேயே கேட்க வேண்டும். உயிருள்ள மனிதனுக்குக் கொடிய மலேரியாவை ஊட்டிச் சோதிக்க எவரும் ஒப்பார் ஆகையால், முதற்கேள்வி சுண்டெலியிடமே கேட்கப்படுகிறது.

கேட்டவர்களுள் ஜெனீவாவில் ஆராய்ந்த ஜோர்ஜ் கிரோ முக்கியமானவர். மூளைமலேரியா கண்டு இறக்கும் சுண்டெலிகளுக்கு, ரி.என்.எவ்.வைப் பிடித்து முடக்கும் பிறபொருளெதிரியை அவருடைய குழுவினர் செலுத்தினர். கிருமியின் தொகை குறையவில்லை. ஆனால் சுண்டெலிகள் மூளைமலேரியாவினின்றும் தப்பின. 1987இல் வெளிவந்த இம்முடிவு, கிளார்க்கின் கருத்துக்கு வலிய சான்றாயிற்று. கிருமி இருக்கிறது, கொடுநோய் இல்லை. அப்படியானால் கொன்றது எது?

இனி இலங்கைக்கு வருவோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கமினி மென்டிஸ் தலைமையிலான குழு மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தது. சுண்டெலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல அவர்கள் விரும்பவில்லை. இடையில் ஒரு பாலம் தேடினர். தலையுச்சியில் தொப்பி வைத்தாற்போல மயிர் சுழன்று நிற்கும் குரங்கினம் ஒன்று இலங்கைக்கே உரியது. வன்னிக் காடுகளிலும் அதைக் காணலாம். அக்குரங்குக்கு இயற்கையாகவே வரும் ஒரு மலேரியா உண்டு. அதில் கிருமித்தொகை உச்சத்துக்கு ஏறித் திடீரெனச் சரியும் கட்டத்தை அவர்கள் நுணுகி நோக்கினர். அவ்வேளையில் ரி.என்.எவ்.வும் இன்டபெரோன் காமாவும் சேர்ந்து, குருதியிலுள்ள வேறு சில துணைப்பொருள்களின் உதவியோடு, ஒட்டுண்ணியைக் கொல்கின்றன என்று 1991இல் வெளியிட்டனர். துணைப்பொருள் இன்றித் தூதுப்புரதம் மட்டும் இருந்தால் வேலை நடைபெறாது என்பதையும் தெளிவாகக் கூறினர்.

அடுத்த ஆண்டில் வந்தது நடீரா கருணவீர முதலாசிரியராக எழுதிய ஆய்வு. மென்டிஸும், ஜெனீவாவின் கிரோவும், எடின்பரோவின் ரிச்சட் காட்டரும் அதில் உடனிருந்தனர். வைவாக்ஸ் மலேரியா கண்ட, முன்னர் அந்நோயால் நிர்ப்பீடனம் பெறாத நோயாளிகளின் குருதியை, நடுக்கம் தொடங்குமுன்னும் நடுங்கும்போதும் தணிந்தபின்னும் அடுத்தடுத்து எடுத்து அளந்தனர். ரி.என்.எவ். ஏறியது, சற்றுப் பின்னாற் காய்ச்சல் ஏறியது. ரி.என்.எவ். இறங்கியது, சற்றுப் பின்னாற் காய்ச்சல் இறங்கியது. இரண்டு கோடுகளும் அண்ணன் தம்பி போல ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. நகக்கண் வெளுப்பதும், கட்டில் ஆடுவதும், வியர்வை பெருகுவதும் அந்தக் கோட்டின் மேடுபள்ளங்களோடு பொருந்தின. கொல்கி கண்ட வெடிப்புக்கும் நோயாளியின் நடுக்கத்துக்கும் இடையிலிருந்த காணாத கண்ணி அது. அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் 1992இல் அது வெளியாயிற்று. பத்து வயதில் என்னை ஆட்டிய ‘வேறு யாரோ’ நானேதான் என்று அதை வாசித்தபோது விளங்கிக்கொண்டேன்.

இந்த ஆய்வைப் பற்றி நம் பாடசாலைகளில் எத்தனை ஆசிரியர் சொல்கிறார்கள்? றொனால்ட் றொஸ் 1897இல் செக்கந்தராபாத்திலே நுளம்பின் வயிற்றில் கிருமியைக் கண்டதை மனனஞ்செய்விக்கிறோம். நம் நாட்டு நோயாளிகளின் குருதியில், நம் நாட்டுப் பெண்கள் இருவர் முன்னின்று கண்டதைச் சொல்லாது விடுகிறோம். இது எனக்கு மனத்தாங்கல்.

ஆனால் சுண்டெலி காட்டிய வழி எங்கும் நேரான வழியென்று எண்ணிவிடலாகாது. ஜெனீவாச் சுண்டெலிகளைக் காத்த மருந்து குழந்தைகளையும் காக்கும் என்ற நம்பிக்கையோடு, மேற்காபிரிக்காவின் காம்பியாவில் மூளைமலேரியா கண்ட 610 குழந்தைகளிடையே ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு ரி.என்.எவ். எதிரி கொடுக்கப்பட்டது. 1996இல் முடிவு வெளிவந்தது: காய்ச்சல் தணிந்தது, இறப்போ குறையவில்லை, உயிர்தப்பியவருள் நரம்பு ஊனம் எஞ்சியோர், மருந்து பெற்ற பகுதியிலேயே கூடுதலாக இருந்தனர். சுண்டெலி பொய் சொல்லவில்லை. தன்னைப் பற்றியே அது சொன்னது. நாம் அதை நம்மைப் பற்றியதாகக் கேட்டுக்கொண்டோம்.

அதே ரி.என்.எவ். எதிரிகள் வேறிடத்தில் வெற்றி கண்டன. இலண்டனில் பெல்ட்மன், மைனி என்னும் இருவர் மூட்டுவாதத்துக்கு அவை உதவுமெனக் காட்டினர். முடங்கிக் கிடந்தவர் பலர் இன்று எழுந்து நடக்கிறார்கள். அவர்களுள்ளும் சிலருக்கு உறங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொள்கிறது. ரி.என்.எவ். இல்லாத சுண்டெலி காசநோய்க்கு இரையாகும் என்பது அதற்கு முன்னரே தெரிந்திருந்தபடியால், மருத்துவர் இப்போது முன்கூட்டியே சோதித்துக்கொள்கின்றனர். இங்கே சுண்டெலியின் சொல் மெய்யாயிற்று. மிகினும் குறையினும் நோய் செய்யும் என்ற நம் பழைய மருத்துவக் கொள்கையை இப்புரதம் நினைவூட்டுவதாகத் தமிழாசிரிய நண்பர் ஒருவர் சொன்னார். ஒப்புமை நன்றே, ஆயினும் அளவு எத்தனை நனோகிராம் என்று சொல்லும்போதுதான் அது மருத்துவருக்குப் பயன்படும்.

என் மாணவியின் வேலைக்கும் இங்கேதான் இடம். சுண்டெலியின் எலும்புமச்சையிலிருந்து பெருந்தின்கலங்களை வளர்த்து, ஒரு கிண்ணத்தில் ரி.என்.எவ். மட்டும், இன்னொன்றில் இன்டபெரோன் காமா மட்டும், மூன்றாவதில் இரண்டும் என்று இட்டு, எதில் ஒட்டுண்ணி மடிகிறது என்று எண்ணுகிறாள். அவள் ஆராய்வது மலேரியாவையன்று, மணல்ஈயால் பரவும் லீஷ்மேனியா நோயை. இலங்கையில் பரவிவரும் அத்தோல்நோய் வவுனியாப் பக்கத்தாருக்கும் புதிதன்று. எலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட ஊராரின் தோலிலேயே அந்தக் கேள்விக்கு விடை வடுவாகப் பதிந்திருக்கக்கூடும்.

மலேரியாவின் பிற்கதை வாசகர் அறிந்தது. 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்திரளாக இடம்பெயர்ந்து, பின்னர் வன்னிக்கு வந்தவர்கள் மரநிழலிலும் கொட்டில்களிலும் தங்கினர். குடாநாட்டில் வளர்ந்த அவர்களிற் பலருக்கு இந்நோய் புதிது. வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த இருவரில், எங்கள் ஊர்ப் பையன் காய்ச்சலோடும் பாடம் எழுதினான். வந்த பையன் சுருண்டு விழுந்தான். நிர்ப்பீடனம் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கு வாய்க்கவில்லை, வாய்க்காமலே இருந்திருக்கலாம். 1999இல் நாடெங்கும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். மருந்தூட்டிய நுளம்புவலைகளும், வீடுவீடாக இரத்தம் எடுத்த ஊழியரும், போர்க்காலத்திலும் நில்லாத மலேரியாத் தடை இயக்கத்தின் பணியும் நோயை நெருக்கின. இலங்கை மண்ணில் தொற்றிய இறுதி உள்நாட்டு நோயாளர் 2012 ஒக்தோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது.

நுளம்பு மட்டும் போய்விடவில்லை. மாசி, பங்குனியில் ஆற்றுக் குட்டைகளில் அது இன்னும் முட்டையிடுகிறது. நகரக் கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்னும் புதிய இனம் 2016இல் அண்டை மன்னாரில் அகப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கிருமியைக் குருதியிற் சுமந்து வருவோர் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றனர். 2012க்குப் பின் வன்னியிற் பிறந்த பிள்ளைகளின் குருதியோ, கொழும்பு ஆய்வில் அளக்கப்பட்டோரின் குருதியைப் போன்றது. இந்தக் கிருமியை அது அறியாது. அறியாத குருதியே அளவிறந்து வெகுளும். ஆகவே வெளிநாடு சென்று மீண்டவர்க்குக் காய்ச்சல் கண்டால், டெங்கு என்று மட்டும் எண்ணாமல், சென்ற நாட்டின் பெயரை முதலில் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசின்றிச் செய்கிறார்கள்.